பழைய ஜாயிண்ட்டு

இறக்கம் நாற்பத்தொரு சதவீதம் என்று கம்ப்யூட்டர் காட்டியது. சற்று முன் பார்த்தபோதும் நாற்பத்தொன்றுதான். செங்கோடன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார், எண் நகரவில்லை. மணி இரண்டேகால். நாலு மணிக்கு நாச்சிமுத்து வந்து நிற்பான். வீட்டுக்கு அல்ல, தம்பி இந்த வீட்டு வாசலை மிதித்துப் பதினான்கு வருடம் ஆகிறது. கம்ப்யூட்டருக்குள் ஓடும் லாரி விளையாட்டில் வந்து நிற்பான், பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரின் டீசல் பங்க் ஓரமாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், நாலிலிருந்து அஞ்சு வரைக்கும். அதற்குள் விளையாட்டு திறந்தாக வேண்டும். புதன்கிழமையிலிருந்து அது திறக்கவில்லை. சொடுக்கினால் திரை கறுப்பாகிறது, உள்ளே எங்கேயோ இஞ்சின் சத்தம் மட்டும் கேட்கிறது, பிறகு அதுவும் நின்றுபோகிறது. விண்டோஸுக்கென்று செய்த விளையாட்டு, இவரிடம் இருப்பதோ லினக்ஸ், இரண்டையும் சேர்த்துவைத்து ஓட்ட நடுவில் ஒரு மென்பொருள் உண்டு. அவர் மனசுக்குள் அதற்கு ஜாயிண்ட்டு என்று பெயர். கியர்பாக்ஸ் ஒரு பக்கம், பின்சக்கரம் ஒரு பக்கம், நடுவில் சுற்றுகிற ஷாஃப்டில் ஜாயிண்ட்டு போய்விட்டால் இஞ்சின் எத்தனை உறுமினாலும் வண்டி நகராது, இதுவும் அப்படித்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எட்டாம் நம்பர் ஜாயிண்ட்டைப் புதன்கிழமை அதுவாகவே கழற்றி எறிந்துவிட்டுப் பத்தாம் நம்பரை மாட்டிக்கொண்டது. மாற்றட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவருக்கு இந்த வேலை எத்தகையது என்று தெரியும். புது மாடல் சாமான் பளபளவென்று இருக்கும், பழைய வண்டியில் நூலளவு பிசகி உட்காரும், நடுரோட்டில் கழன்றுவிடும். கேட்காமல் ஒருத்தன் நம்மைத் தொடுவதைப் போன்ற அநியாயம் வேறில்லை. நாற்பத்திரண்டு.

செல்போன் ஜன்னல் விளிம்பில் இருந்தது. அதன் நெட்டை வாங்கித்தான் கம்ப்யூட்டர் பழைய எட்டாம் நம்பரை இறக்கிக்கொண்டிருக்கிறது, இந்த வீட்டில் சிக்னல் பிடிக்கிற இடம் அந்த விளிம்பு ஒன்றுதான், யாராவது போன் போட்டால் இறக்கம் நின்றுவிடும். யாரும் போடக் கூடாது. போடுகிறவர்கள்தான் யார் இருக்கிறார்கள். ரெண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக ஓட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு லாரி வந்து சேர்ந்தது, தலைக்கு மேல் ஓட்டுகிறவன் பெயர் தெரியும் இடத்தில் பெயர் இல்லை, 2847 என்று இருந்தது. அவரும் நாச்சிமுத்துவும் மாற்றி மாற்றி ஓட்டிய லாரியின் நம்பர். உலகத்தில் வேறு எவனும் அந்த நாலு எண்ணைப் பொறுக்கி எடுத்துப் பெயராக வைத்துக்கொள்ள மாட்டான். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது. செங்கோடன் திரையில் எழுத்து ஒன்றும் அடிக்கவில்லை, அவனும் அடிக்கவில்லை. அவர் முன்னால் போனார், அவன் பின்னால் வந்தான். மேட்டில் அவர் தடுமாறினால் அவன் லைட்டை ரெண்டு தடவை வெட்டுவான், நான் இருக்கிறேன் போங்கள் என்று அர்த்தம், நிஜ ரோட்டில் அவர்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. நூறு ஞாயிற்றுக்கிழமையாவது இருக்கும், ஒரு எழுத்து கிடையாது. போன ஞாயிறு, அஞ்சு மணிக்கு வழக்கம்போல் பிரிகிற இடத்தில், திரையின் கீழே இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஒரு வரி வந்தது. அண்ணா அடுத்த ஞாயிறு உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். அவர் பதில் அடிப்பதற்குள் போய்விட்டான். பதில் அடித்திருப்பாரா என்பது வேறு விஷயம். இன்றைக்கு அவர் வராவிட்டால் அவன் என்ன நினைப்பான். சொல்லோணும்னேன், கேக்க மாட்டேன்னு போயிட்டாரு என்று நினைப்பான். மறுபடி கேட்கிற ஆள் இல்லை அவன். அவர்கள் வீட்டில் யாருமே மறுபடி கேட்கிற ஆட்கள் இல்லை.

"ஏனுங்க, சோறு ஆறுதுங்க" என்றாள் பாவாயி. கூடத்தில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாரேன் புள்ள."

"ஒரு மணிக்கும் இதத்தான் சொன்னீங்க. கோழிக்கு உசுரு வந்து எந்திருச்சுப் போயிரும்."

"போனா வழி மறிச்சுப் புடி."

"அந்த லூர்துராசக் கூப்புட்டா அஞ்சு நிமுசத்துல பண்ணிக் குடுத்துட்டுப் போயிருவாரு. நாலு நாளா மோட்டுவளையப் பாத்துட்டு உக்காந்திருக்கறீங்க."

லூர்துராஜ்தான் இந்தக் கம்ப்யூட்டரை விற்றவன், பழைய மெஷின் விண்டோஸ் தாங்காது என்று லினக்ஸ் போட்டுக் கொடுத்தவனும் அவனே. கெட்டிக்காரன், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் ஸ்டீயரிங் செட்டு வாங்கப் போனபோது கடை நிறைய ஆளை வைத்துக்கொண்டு, இந்த வயசுல எதுக்குங்க வெளாட்டு என்று கேட்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள், அதில் மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். இடது கண்ணில் சர்க்கரை இறங்கி, லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டேன் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் காகிதத்தைத் திருப்பித் தள்ளி ஆறு மாதம்கூட ஆகாத சமயம் அது. அன்றிலிருந்து அந்தக் கடை இருக்கும் தெரு வழியாகவே அவர் போவதில்லை, பஸ் ஸ்டாண்டுக்குப் போவதென்றால்கூடச் சுற்றித்தான் போவார். கண் டாக்டர் இருக்கும் தெருவும் அப்படியே. சங்ககிரியில் அவர் போகக்கூடிய தெருக்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தன. ஐம்பத்தெட்டு. லூர்துராஜ் இல்லாமலே பண்ணிவிடலாம். கம்ப்யூட்டரில் பல நாட்டு ஆட்கள் கூடிப் பேசும் இடத்தில் எவனோ ஒருவன், ஊர் பேர் தெரியாதவன், இந்தப் பத்தாம் நம்பர் கோளாறு தனக்கும் வந்ததென்றும் எட்டாம் நம்பரைக் கையால் கொண்டுவந்து போட்டதும் சரியாகிவிட்டதென்றும் இங்கிலீஷில் ஆறு படியாக எழுதி வைத்திருந்தான். அஞ்சாவது வரை படித்தவர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, ரெண்டு நாள் உட்கார்ந்து, காலண்டர் தாளின் முதுகில் தமிழில் எழுதிக்கொண்டார். இறக்கு. அவிழ். மறைந்த பெட்டிக்குள் வை. கடையை முழுசாகச் சாத்தித் திற. பட்டியலில் எட்டைப் பிடி. அதற்கும் திறக்காவிட்டால் பழைய பாத்திரத்தைக் கவிழ். கடைசிப் படி மட்டும் அவருக்குச் சரியாக விளங்கவில்லை, பயமாகவும் இருந்தது.

எழுபத்தொன்று. காத்திருக்கிறபோது வரக் கூடாத இடத்துக்கே மனசு வருகிறது. ஆதிலாபாத் தாண்டிக் காட்டு வளைவு. ஜவ்வரிசி லோடு, நாக்பூருக்கு. மத்தியானம் ரெண்டு மணி வெயில், இதே நேரம். அவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் படுத்திருந்தார், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு. சத்தம் பெரிதாக இல்லை. விறகுக் கட்டு சரிகிற மாதிரி ஒரு சத்தம். சைக்கிளில் விறகு வைத்துக்கொண்டு வந்த ஆள். பெயர் பிறகு கோர்ட்டில்தான் தெரிந்தது, அந்தப் பெயரை அவர் இன்றைக்கு வரைக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போலீஸ் வந்தது, எவன் ஓட்டினது என்று இந்தியில் கேட்டது, நாச்சிமுத்து விரலை நீட்டினான். அந்த விரல். நகத்தில் கிரீஸ் இருந்தது. பதினான்கு வருடமாக அந்த விரல் அவருக்கு நேராக நீண்டுகொண்டே இருக்கிறது, சாப்பிடும்போது, சவரம் பண்ணும்போது, கோயிலில் கண்ணை மூடினால். அவருக்கு ஒன்பது மாதம் ஜெயில். பாஷை தெரியாத ஜெயில். அதைக்கூட விட்டுவிடலாம். நாச்சிமுத்து ஊருக்கு வந்து அம்மாவிடம் என்ன சொன்னான். யாருடா ஓட்டுனது என்று அம்மா கேட்டிருக்கிறாள், அண்ணன்தான் என்று சொல்லியிருக்கிறான், பெரியம்மா மகள் பக்கத்திலேயே இருந்து காதால் கேட்டு வந்து சொன்னாள். அம்மாவுக்கு அவன் சொன்னான். வேறு யாருக்கு வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அம்மா சாகிற வரைக்கும் மூத்த மகன் ஒரு மனுசனை அடித்துக் கொன்றவன் என்று நினைத்துக்கொண்டே செத்தாள். மாதம் ஒரு தடவை குமாரபாளையம் போய் நாச்சிமுத்து வீட்டு வெளித்திட்டில் உட்காருவார், உள்ளே போகமாட்டார், அம்மா எழுந்து வருவாள். சாப்பிட்டயா என்பாள். அதைத் தவிர, அவர் வெளியே வந்ததிலிருந்து அவள் சாகிற வரைக்கும், அந்த மூன்று வருடத்தில் அவள் ஒன்றுமே கேட்டதில்லை. கேட்காத வாயைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

முழுசாக இறங்கிவிட்டது. மணி மூன்று பத்து.

அவிழ்த்தார். நானூறு எம்பி மூட்டை. பச்சைக் கோடு மெதுவாக நிறைந்தது. மறைந்த பெட்டி என்பது பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்திருக்கும் பெட்டி, சும்மா பார்த்தால் தெரியாது, ரெண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால் மங்கலாகத் தெரியும். அழுத்தினார், எங்கிருந்தோ பத்துப் பதினைந்து பெட்டிகள் மங்கல் மங்கலாக எழுந்து வந்தன, இத்தனை நாளும் இங்கேதான் இருந்திருக்கின்றன, இவர் தினமும் இதன் மேலேயே நடந்திருக்கிறார். சரியான பெட்டியைத் தேடி மூட்டையை அதற்குள் வைத்தார். விளையாட்டுகளை விற்று ஓட்டிக்கொடுக்கிற மென்பொருள்தான் கடை, அதைச் சாத்தித் திறந்தார். பட்டியலை இழுத்துப் பார்த்தார். பத்து இருந்தது, ஒன்பது இருந்தது. எட்டு இல்லை. மறுபடி சாத்தித் திறந்தார். எட்டு இல்லை. வைத்தது வைத்தபடி இருக்கிறது, கண்ணால் பார்க்கிறார், பட்டியலுக்கு மட்டும் தெரியவில்லை. கெட்டவார்த்தை ஒன்று வாய் வரைக்கும் வந்தது, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் திரும்பிப் போனது. மூன்று முப்பத்தைந்து.

பாவாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"எங்கிட்ட நம்பர் இருக்குதுங்க" என்றாள்.

"யாரு நம்பரு?"

"உங்க தம்பி நம்பருதான். போட்டுத் தாரேன். வெளாட்டு கெட்டுப்போச்சு, இன்னைக்கு வரலைன்னு சொல்லிப்போடுங்க. முடிஞ்சு போச்சு."

"உங்கிட்ட எப்புடி வந்துச்சு?"

"அவன் பொண்டாட்டி குடுத்துச்சு. சந்தையில பாப்போம், பேசுவோம். நாங்கெல்லாம் பேசாம இருந்தா ஊரு என்னத்துக்கு ஆகும்."

"போட வேண்டாம்."

"நூறு வாரம் அவங்கூடவே லாரி ஓட்டறீங்க, ஒரு வாரம் போன்ல பேசுனா கொறஞ்சா போயிருவீங்க?"

"போட வேண்டாம்னா போட வேண்டாம், பாவாயி."

அவள் போய் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தாள். போனில் குரல் வரும். குரல் வந்தால் என்ன ஆகுமென்று அவளுக்குத் தெரியாது. விளையாட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு ஓட்டலாம், மூஞ்சி இல்லை, தொண்டை இல்லை. போனில் அவன் அண்ணா என்று ஒரு சத்தம் போட்டால் இவர் என்ன ஆவார் என்று இவருக்கே தெரியாது. அவன் என்ன சொல்லப்போகிறான். மன்னிச்சுக்குங்க என்பானா. இல்லை, இத்தனை நாளாக இவர் நினைத்துப் பயந்த இன்னொன்றைச் சொல்வானா. மூட்டையை மறுபடி திறந்தார். எட்டாம் நம்பர் என்று பெயர் போட்ட பெட்டி, அதைத் திறந்தால் உள்ளே அதே பெயரில் இன்னொரு பெட்டி, அதற்குள்தான் சாமான். அட. நாமக்கல்லில் ஸ்பேர் வாங்கினால் அட்டைப் பெட்டிக்குள் அட்டைப் பெட்டி வரும், வெளிப்பெட்டியோடு சேர்த்து ஷாஃப்டில் மாட்ட எவனாவது பார்ப்பானா. அவிழ்க்கும்போது கம்ப்யூட்டர் அதுவாகவே ஒரு பெட்டி போட்டுச் சுற்றியிருக்கிறது. உள்பெட்டியை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு வெறும் பெட்டியைத் தூக்கியெறிந்தார், கடையைச் சாத்தித் திறந்தார், பட்டியலை இழுத்தார். எட்டு. பிடித்து அமுக்கி விளையாட்டைச் சொடுக்கினார். கறுப்பு. இப்போது இஞ்சின் சத்தம்கூட இல்லை.

நாலு மணி ஆயிற்று. வந்து நிற்பான். பங்க் ஓரமாக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பான். கடைசிப் படி, பழைய பாத்திரத்தைக் கவிழ். இந்த விளையாட்டுக்கென்று லினக்ஸுக்குள் ஒரு பொய் விண்டோஸ் வீடு கட்டிவைத்திருக்கிறது ஜாயிண்ட்டு, பாத்திரம் என்றது அதைத்தான், பத்தாம் நம்பர் அதன் மேல் நாலு நாள் கைவைத்திருக்கிறது, பத்து தொட்டதை எட்டு ஒத்துக்கொள்ளாது. வீட்டையே இடித்தால் எட்டு தனக்கென்று புதிதாகக் கட்டிக்கொள்ளும். ஆனால் அவர் ஓட்டிய ரெண்டு வருடமும் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது, அந்த ஆறு படி எழுதினவன் அதைச் சொல்லவில்லை, கீழே வேறொருவன் அழாத குறையாக எழுதியிருந்தான். இடிக்கக் கூடாது. பேரை மாற்றி ஒதுக்கி வை. கழற்றின சாமானைச் சாக்கில் சுற்றி வை என்று கிளீனருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார். பெயரை மாற்றினார். மாற்றும்போது கை எந்த யோசனையும் இல்லாமல் வேலை செய்தது, கை அப்படி வேலை செய்கிற நேரத்தில்தான் அவருக்கு அது வரும், கதவு சாத்தாத வீட்டுக்குள் நாய் நுழைகிற மாதிரி. லாரிப் பலகையில் படுத்தபடி துண்டை விலக்கிப் பார்க்கிறார். நாச்சிமுத்து ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நடுங்குகிறான், அவன் பொண்டாட்டிக்கு ஏழு மாதம். இறங்கி ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறுகிறார். ஏறி என்ன சொன்னார். எந்திரி. நீ இந்தப் பக்கம் வா. நான் உக்காந்துக்கறேன். எவன் கேட்டாலும் அண்ணன்தான்னு சொல்லு, என்னைக் காட்டு. அவர்தான் சொன்னார். அவர்தான் அந்த விரலை நீட்டச் சொன்னார். இல்லை, அதை அவர் என்றைக்கும் மறக்கவில்லை, மறந்துவிட்டதாகச் சொல்லமுடியாது, ஆனால் அந்த நினைப்பு பெயருக்கு முன்னால் புள்ளி வைத்துக்கொண்டு கிடக்கும், தேடினால்தான் தெரியும், அவர் தேடுவதில்லை. போலீசுக்குத்தானே சொல்லச் சொன்னார். அம்மாவுக்குமா சொல்லச் சொன்னார். அங்கேதான் அவர் நிற்கிறார், பதினான்கு வருடமாக அந்த ஒரு அடி இடத்தில்தான் நிற்கிறார், அம்மாவுக்கு அவன் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமா. இவரும்தான் சொல்லவில்லை. வெளித்திட்டில் உட்கார்ந்து, சாப்பிட்டேன்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

திரை வெளுத்தது. விளையாட்டின் பாட்டு வந்தது, ரோடு வந்தது, ஆனால் ஓட்டுகிறவனுக்கு ஒரு பெயரும் இல்லாமல் புது லாரியாக வந்தது. ஒதுக்கிவைத்த பெட்டியிலிருந்து தன்னுடைய லாரியை நகல் எடுத்து இங்கே கொண்டுவந்து போட இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது. நாலு இருபத்தெட்டு. சேர்ந்து ஓட்டுவதற்கென்று நாச்சிமுத்து திறந்துவைக்கும் கான்வாய் இன்னும் பட்டியலில் இருந்தது. ஆள் ஒன்று என்று காட்டியது. உள்ளே நுழைந்தார், பங்க் ஓரமாக 2847 நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். வழக்கமாக முன்னால் போய்விடுவார்.

வந்துட்டீங்களா, என்று வந்தது கீழே.

வந்தேன், என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார்.

வர மாட்டீங்கன்னு நெனச்சேன்.

ஜாயிண்ட்டு போச்சு.

எந்த ஜாயிண்ட்டுங்ணா?

ஒண்ணுமில்ல. நீ சொல்லு.

பிறகு துண்டு துண்டாக வந்தது. சின்னவ கேட்டாண்ணா, பெரியப்பா ஏன் ஜெயிலுக்குப் போனாருன்னு. ஸ்கூல்ல யாரோ சொல்லியிருக்கறாங்க. பெரியப்பா வண்டியில ஒருத்தரக் கொன்னுட்டாராமான்னு கேட்டா. என்னால முடியல. ஓட்டுனது நாந்தான்னு சொல்லிட்டேன். வீட்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன். முந்துன வாரம்.

பதினான்கு வருடம் அவர் காத்திருந்தது அஞ்சாறு வரியாகப் பொடி எழுத்தில் வந்து நின்றது. நெஞ்சுக்குள் ஏதாவது ஆகுமென்று காத்தார். ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குழந்தைதான், அன்றைக்கு வயிற்றில் இருந்தது. பதிமூன்று முடிந்திருக்கும். அதன் முகத்தைக்கூட அவர் சரியாகப் பார்த்ததில்லை. விரல் தானாக எழுத்தைத் தேடியது. அம்மாகிட்டச் சொல்லலியே நீ.

அம்மாவுக்குத் தெரியும்ண்ணா.

எப்ப?

நீங்க உள்ள இருக்கறப்பவே சொல்லிட்டேன். மொதல்ல நீங்கன்னுதான் சொன்னேன். ஒரு மாசம்கூடத் தாங்க முடியல, கால்ல உழுந்து சொல்லிட்டேன்.

எனக்கு ஏன் சொல்லல?

நீங்க வந்ததும் சொல்லோணும்னுதான் இருந்தேன். அம்மாதான் வேண்டாம்னுருச்சு.

ஏன்?

அவன் அடித்து அடித்து அழிக்கிறான் என்று அவருக்குத் தோன்றியது. அவருக்குத் தன் மூச்சு கேட்டது, கூடத்தில் டிவியில் யாரோ யாரையோ கேள்வி கேட்டுக்கொண்டிருப்பது கேட்டது.

அவன் எம்மேல இருக்கற அந்தக் கோவத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கறான், எடுத்துட்டா உழுந்துருவான்னுச்சு.

செங்கோடன் அதைப் படித்தார். ஒரு எழுத்தும் விளங்காத மாதிரி மறுபடி முதலிலிருந்து கூட்டிப் படித்தார். அம்மா எழுந்து வருவாள், சுவரைப் பிடித்துக்கொண்டு, முட்டி வலியோடு, அவர் உட்கார்ந்திருக்கும் திட்டு வரைக்கும். எல்லாம் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். தெரிந்துகொண்டு சாப்பிட்டயா என்று கேட்டிருக்கிறாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள், அதை அவர் ஒரு கொலைகாரனைப் பார்க்கிற பார்வை என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொள்வார். யார் மேல் கோபப்படுவது. இவன் மேலா. அவள் மேலா, மண்ணுக்குள் போய்ப் பத்து வருடம் ஆகிறது. கோபம் கதவு கதவாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது, ஒன்றும் திறக்கவில்லை.

அண்ணா, என்று வந்தது.

இருக்கீங்களாண்ணா?

மணி அஞ்சடிக்க ரெண்டு நிமிஷம். அஞ்சு மணிக்கு அவன் கான்வாயைச் சாத்திவிடுவான், எப்போதும் அப்படித்தான். பக்கத்து லாரியின் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. செங்கோடன் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு ரெண்டு கையையும் எழுத்துப் பலகை மேல் வைத்தார். கண்ணில் தண்ணீர் நின்றதில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தடவித் தடவி அடித்தார்.

போயிராத.

அனுப்பினார்.